ஆர்க்கைவ்: காப்பகமா, பொதியா?

ஒரு செயலி இயங்குவதற்கு வேண்டிய படங்கள், ஒலிகள், எழுத்துருக்கள், அட்டவணைகள் ஆகிய தரவுக் கோப்புகளை ஒன்றாகத் திரட்டி, வேண்டுமானால் கடவுச்சொல்லும் இட்டு, ஒரே கோப்பாக்கி வைப்பதை நிரலாளர்கள் ‘ஆர்க்கைவ் பண்ணுவது’ என்கிறார்கள். அவ்வாறு உருவாகும் ஒற்றைக் கோப்பின் பெயரும் ஆர்க்கைவ்தான். அகராதியில் இச்சொல்லுக்கு நேராகக் ‘காப்பகம்’ என்று இருக்கும். அதையே எடுத்தாண்டு, ‘கடவுச்சொல் இட்ட காப்பகத்தை இம்மின்னஞ்சலுடன் இணைத்துள்ளேன்’ என்று எழுதினால், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமே அஞ்சலில் வந்து இறங்கியதுபோல் தோன்றுகிறது. பிழை அகராதியுடையது அன்று. சொல்லின் பொருள் இடம்பெயர்ந்துவிட்டது.

மூலச்சொல் கிரேக்கத்தைச் சேர்ந்தது. ஆட்சியாளராகிய ஆர்க்கோனின் இல்லம் ‘ஆர்க்கெயோன்’ எனப்பட்டது. ஊரின் பொது ஆவணங்கள் அங்கே பாதுகாக்கப்பட்டமையால், அப்பெயர் ஆவணங்கள் இருக்கும் இடத்தைக் குறிப்பதாயிற்று. இலத்தீன், பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் அது நுழைந்தது. காப்பு, அகம் என்னும் இரண்டும் சேர்ந்த ‘காப்பகம்’ இந்தப் பழம்பொருளுக்கு மிகப் பொருத்தமான ஆக்கமே. கிரேக்கச் சொல்லும் ஒரு வீட்டைத்தான் சுட்டியது; நம் சொல்லும் ஓர் இடத்தைத்தான் சுட்டுகிறது. புலிகள் காப்பகம், குழந்தைகள் காப்பகம் என்பவற்றிலும் இடப்பொருளே நிற்கிறது.

கணினியில் இச்சொல் எப்படித் தடம் மாறியது என்பதைக் காண யுனிக்ஸ் இயங்குதளத்தின் வரலாற்றைப் பார்க்கலாம். 1971இல் வெளிவந்த அதன் முதற் கையேட்டிலேயே பல கோப்புகளை ஒன்றாக்கும் ‘ஏஆர்’ என்னும் கட்டளை உண்டு. 1979இல் வந்த ஏழாம் பதிப்பில் ‘டார்’ சேர்ந்தது. டேப் ஆர்க்கைவ் என்பதன் குறுக்கம் அது. காந்த நாடாவில் பதிந்து அலமாரியில் வைப்பதற்கான கருவியாதலால், அதுவரை காத்தல் என்னும் பொருள் உண்மையாகவே அச்சொல்லில் இருந்தது. 1985இல் ‘ஆர்க்’ என்னும் நிரல் வெளிவந்தபோது நிலைமை வேறு. தொலைபேசி இணைப்பின்வழிக் கோப்புகளைப் பரிமாறிக்கொண்டவர்கள், பலவற்றைச் சுருக்கி ஒன்றாக அனுப்புவதற்கே அதைப் பயன்படுத்தினர். காத்து வைப்பதற்கான பெயர், கட்டி அனுப்புவதற்கான பெயராயிற்று. 1989இல் ஃபில் காட்ஸ் என்னும் நிரலாளர் ஜிப் என்னும் கோப்பு வடிவத்தை வெளியிட்டபின் இப்பொருளே நிலைத்துவிட்டது. (ஜிப் கோப்பு ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ‘பிகே’ என்னும் அவருடைய முன்னெழுத்துகள் இன்றும் இருக்கின்றன.)

ஆகவே நாம் பெயரிட வேண்டியது ஓர் இடத்திற்கு அன்று, ஒரு கட்டுக்கு. ‘சுருக்கக் கோப்பு’ என்று சிலர் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. டார், ஏஆர் ஆகிய இரண்டும் எதையும் சுருக்குவதில்லை. ‘தொகுப்பு’ நல்ல சொல்தான் என்றாலும், தமிழ் விக்கிப்பீடியாவில் ‘தொகு’ என்பது எடிட் செய்வதற்கான கட்டளையாகிவிட்டதால் கணினிச் சூழலில் குழப்பம் தருகிறது. எஞ்சுவது ‘பொதி’. இலங்கைத் தமிழில் உணவுப் பொதி, பயணப் பொதி என்று நாள்தோறும் வழங்குவது. தமிழ்நாட்டில் பொதிமாடு, பொதிகழுதை என்னும் தொடர்களில் தங்கியிருப்பது. பேக்கேஜ், பாக்கெட் ஆகியவற்றுக்கும் இதை ஆள்வோர் உண்டாதலால், ‘பொதிக்கோப்பு’ என்று விரித்துச் சொன்னால் மயக்கம் நீங்கும். கோப்பு என்பதும் கோத்தல் என்னும் வினையிலிருந்து வந்தது. ஃபைல் என்னும் ஆங்கிலச் சொல்லும் தாள்களைக் கோத்து வைத்த நூலைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்தே பிறந்தது. ஏடுகளைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்துச் சுவடியாக்கிய நமக்கு இந்த ஒற்றுமை வியப்பளிக்க வேண்டியதில்லை.

பொதி என்னும் சொல்லுக்கு ஆதரவாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில், புகார் நகரின் பண்டசாலையில் கிடந்த மூட்டைகள் ‘கண்ணெழுத்துப் படுத்த எண்ணுப் பல்பொதி’ எனப்படுகின்றன. உரியவரின் பெயரும் அடையாள எழுத்தும் எண்ணும் அவற்றின் புறத்தே பொறிக்கப்பட்டிருந்தன. வாயிலும் தாழும் காவலும் அவற்றுக்கு இல்லை என்கிறது அடுத்து வரும் அடி. ஜிப் கோப்பின் அமைப்பு வியக்கத்தக்க வகையில் இதுவேதான். அதன் இறுதியில் உள்ளடக்கப் பட்டியல் ஒன்று இருக்கும். ஒவ்வொரு கோப்பின் பெயரும் அளவும் நாளும் அதில் உண்டு. பொதுவாக வழங்கும் முறைகளில் கடவுச்சொல் இட்டாலும் அப்பட்டியல் மறைவதில்லை. கோப்புகளின் உள்ளடக்கம் மட்டுமே மறையாக்கம் (என்கிரிப்ஷன்) பெறுகிறது. கடவுச்சொல் இட்டுவிட்டோம் என்னும் துணிவில் ‘பணிநீக்கப் பட்டியல்’ என்று கோப்புக்குப் பெயர் வைத்து அனுப்புகிறவர், சொல்ல வேண்டியதைப் புறத்திலேயே பொறித்து அனுப்புகிறார். 7ஜெட், ரார் ஆகிய வடிவங்களில் பட்டியலையும் மறைப்பதற்குத் தனித் தெரிவு இருக்கிறது.

‘கடவுச்சொல்’ என்பதையும் இங்கே சற்று ஆராயலாம். கடவு என்றால் வழி. வாயிலில் நிற்பவரிடம் சொல்லிக் கடந்து செல்வதற்கான சொல் அது. மின்னஞ்சல் கணக்கினுள் நுழைவதற்கு இப்பெயர் சரியாகப் பொருந்தும், ஏனெனில் அங்கே சொல்லைச் சரிபார்க்கும் வழங்கி (சர்வர்) ஒன்று காவல் நிற்கிறது, தவறாகப் பலமுறை சொன்னால் கதவையும் அடைத்துவிடுகிறது. பொதிக்கோப்புக்குக் காவலர் எவரும் இல்லை. நாம் இடும் சொல்லிலிருந்து திறவுகோல் ஒன்று கணித்து ஆக்கப்படுகிறது. அத்திறவுகோலால் உள்ளடக்கம் உருமாற்றப்படுகிறது. கோப்பைக் கைப்பற்றியவர் இரவும் பகலும் சொற்களை மாற்றி மாற்றி முயலலாம், தடுப்பார் இல்லை. அதனால்தான் 7ஜெட் வடிவம் ஒரு திறவுகோலை ஆக்க, இயல்பிருப்பாக (டிஃபால்ட்டாக) 5,24,288 சுற்றுகள் கணக்கிடுகிறது. ஒவ்வொரு முயற்சியும் அந்த அளவுக்குத் தாமதமாகும். ஜிப்பின் பழைய மறையாக்க முறையோ 1994இலேயே பிஹாம், கோச்சர் ஆகிய மறையாக்க ஆய்வாளர் இருவரால் உடைக்கப்பட்டது. இன்று அதைப் பூட்டு என்று அழைப்பதே மிகை.

செயலியின் தரவுகளுக்கு வருவோம். 1993இல் வெளிவந்த டூம் விளையாட்டு, தன் ஆட்டக்கள வரைபடங்களையும் ஓவியங்களையும் ஒலிகளையும் ‘வாட்’ என்னும் ஒரே கோப்பில் பொதிந்து வைத்தது. ‘தரவெல்லாம் எங்கே?’ என்று பொருள்படும் ஆங்கிலக் கேள்வியின் முதலெழுத்துகள் அவை. அதற்குப் பூட்டு இல்லை. ஆடுவோர் தாமே புதிய ஆட்டக்களங்களை ஆக்கட்டும் என்று வேண்டுமென்றே திறந்து விடப்பட்டிருந்தது. மாறாக, பொதியைப் பூட்டி விற்கும் செயலிகள் பல உண்டு. அங்கே ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. பயனரிடம் கேட்காமல் செயலி தானே பொதியைத் திறக்க வேண்டுமானால், கடவுச்சொல் செயலிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். பூட்டிய பெட்டியின் மேலேயே சாவியையும் ஒட்டி வைத்து விற்பதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே. பொறுமையுடையவர் செயலியைப் பிரித்துப் பார்த்து அதை எடுத்துவிடுவார்.

இத்தகைய இடங்களில் நிரலாளர் பெரும்பாலும் விரும்புவது, தரவை எவரும் மாற்றிவிடக் கூடாது என்பதையே. அதற்குரிய பழஞ்சொல் ‘இலச்சினை’, அதாவது முத்திரை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ‘புலி பொறித்து’ அனுப்பப்பட்ட ‘பொதிமூடை’களைப் பட்டினப்பாலை காட்டுகிறது. சோழரின் புலிமுத்திரை மூட்டையைப் பூட்டவில்லை. ஆட்சியின் ஒப்புதல் பெற்றது என்று காட்டியது. ஆண்ட்ராய்டு செயலிகள் வந்து சேரும் ஏபிகே கோப்பும் ஜிப் வடிவினதே; அதற்குக் கடவுச்சொல் இல்லை, ஆக்கியோரின் மின்னொப்பம் (டிஜிட்டல் கையொப்பம்) உண்டு. எனவே மறையாக்கம் செய்ததைப் ‘பூட்டிய பொதி’ என்றும், ஒப்பமிட்டதை ‘இலச்சினைப் பொதி’ என்றும் பிரித்து வழங்குவது தகும்.

வினைகளுக்கும் வழி இருக்கிறது. ‘ஜிப் பண்ணு’ என்பதற்குப் ‘பொதி’ என்னும் ஏவலே போதும்: பொதிந்தேன், பொதிந்து அனுப்புகிறேன். ‘எக்ஸ்ட்ராக்ட்’ என்னும் கட்டளைக்குப் ‘பிரித்தெடு’ என்பது ஒரு கோப்பை மட்டும் எடுக்கையில் பொருந்தும். முழுவதையும் விரிப்பதற்கு, அரும்பு மலர்வதைச் சொல்லப் பழம்பாடல்கள் ஆண்ட ‘பொதியவிழ்’ என்னும் வினை ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கிறது.