ராட்டினக் குதிரை ஏன் லிஃப்ட் போலப் போவதில்லை?

"குடை ராட்டினத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் தனி மோட்டாரா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கேட்டது அவருடைய மகளாம். வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லையாம்.

இல்லை. மொத்த ராட்டினத்துக்கும் ஒரே மோட்டார்தான், அதுவும் சுற்றுவதற்கு மட்டும். ஏறி இறங்குவதற்கென்று எந்த மோட்டாரும் கிடையாது. அப்புறம் எப்படிக் குதிக்கிறது? அதற்கு முன் ஒரு ராட்டினத்தின் கதை.

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் மிசூலா என்று ஓர் ஊர். அங்கே சக் கபரிச் என்ற மரவேலைக்காரர், சிறு வயதில் ராட்டினத்தில் ஏறிய ஆசை விடாமல், குதிரை செதுக்கத் தானே கற்றுக்கொண்டார். 1991-ல் நகரசபையிடம் போய், இடம் கொடுத்தால் ஊருக்கு ஒரு ராட்டினம் செய்து தருகிறேன் என்றார். ஊர்க்காரர்கள் உளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கிளார்க் ஃபோர்க் ஆற்றங்கரையில் இருக்கும் கேரஸ் பூங்காவில் 1995 மே 27 அன்று ராட்டினம் சுற்றத் தொடங்கியது. அதற்குள் தன்னார்வலர்கள் போட்ட உழைப்பு ஒரு லட்சம் மணி நேரத்துக்கு மேல்.

குதிரைகள்தான் புதுசு. அவற்றைத் தாங்கும் சட்டகம் பழையது. ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பிரிந்து வந்ததை, ஒவ்வொன்றாகத் துடைத்து, சாயம் பூசி, திரும்ப மாட்டினார்கள். பூங்காவுக்கு வருகிறவர்கள் குதிரையைத்தான் படம் எடுப்பார்கள். நானாக இருந்தால் கூரையைப் பார்த்துக் கழுத்து வலிக்க நின்றிருப்பேன்.

குடை ராட்டினம் என்று நம்மவர்கள் வைத்த பெயர் அவ்வளவு பொருத்தம். நடுவில் ஒரு தூண். அதன் உச்சியிலிருந்து குடைக்கம்பி மாதிரி நாலாபுறமும் சட்டங்கள். குதிரைகள் அந்தக் கம்பிகளிலிருந்து தொங்குகின்றன. நாம் நடக்கும் மேடைகூடப் பெரும்பாலும் மேலிருந்து தொங்குவதுதான். மோட்டார் குடையைச் சுற்றுகிறது. இதுவரை பள்ளிப் பாடம்.

இனிதான் விஷயம். தூணின் உச்சியில், சுற்றாமல் நிற்கும் ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கிறது. ஒவ்வொரு குடைக்கம்பியின் அடியிலும் ஒரு இரும்புத் தண்டு படுத்திருக்கும். தண்டின் உள்முனையில் ஒரு சின்னப் பல்சக்கரம். குடை சுற்றும்போது அந்தச் சின்னது, அசையாத பெரியதன் மேல் உருண்டுகொண்டே போகிறது. தட்டின் விளிம்பில் பாட்டில் மூடியை உருட்டுகிற மாதிரி. மூடி உருண்டால் தண்டும் சுழலத்தானே வேண்டும்!

தண்டு நேராக இருக்காது. நடுநடுவே சைக்கிள் பெடல் போல வளைந்திருக்கும். கிராங்க் என்பது அதைத்தான். குதிரையின் கம்பி அந்த வளைவில் தொங்குகிறது. தண்டு சுழல, வளைவு வட்டமடிக்க, குதிரை ஏறி இறங்கும். தையல் மெஷின் சக்கரத்தின் சுழற்சி ஊசியின் ஏற்ற இறக்கமாக மாறுவதும் இந்தக் கணக்கில்தான். பெடல் இரண்டும் எதிரெதிராக இருப்பதுபோல, ஒரு தண்டில் தொங்கும் குதிரைகளின் வளைவுகளும் எதிரெதிராக இருக்கும். ஒன்று இறங்கும் எடை இன்னொன்றைத் தூக்கிவிடுகிறது. மோட்டாருக்குப் பாதி வேலை மிச்சம். அமெரிக்காவில் வில்லியம் மங்கெல்ஸ் இப்படியொரு குதிக்கும் அமைப்புக்கு 1907-ல் காப்புரிமை வாங்கினார்.

ஆனால் ஊசிக்கும் குதிரைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. என்னை மயக்கியது அதுதான். ஊசி நேர்கோட்டில்தான் போகும். குதிரைக் கம்பியின் மேல்முனையோ கிராங்கோடு சேர்ந்து முழு வட்டமும் அடிக்கிறது. அதாவது மேலும் கீழும் மட்டுமல்ல, முன்னும் பின்னும்கூடப் போகிறது. கீழ்முனை மேடையில் உள்ள ஒரு குழலுக்குள் வழுக்கிக்கொண்டு நிற்கிறது. கிராங்கின் நீளம் 20 செ.மீ., கம்பி மூன்று மீட்டருக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால், கம்பி முன்னும் பின்னும் மூன்றரை டிகிரி சாயும். குதிரை மூக்கை நிமிர்த்துகிறது, கவிழ்க்கிறது. அந்தச் சாய்வு மட்டும் இல்லையென்றால், நாம் உட்கார்ந்திருப்பது குதிரை முகம் வைத்த லிஃப்ட்.

வயிற்றில் வரும் கூச்சத்துக்கும் கணக்கு உண்டு. மூன்று விநாடிக்கு ஒரு குதி என்றால், உச்சியில் நம் எடை சுமார் 9 சதவீதம் குறைந்ததுபோல் இருக்கும். 50 கிலோ ஆசாமிக்கு நாலரைக் கிலோ. அடிமட்டத்தில் இருக்கும்போது அதே அளவு கூடும்.

நம்மூர் திருவிழாக்களில் ராட்டினத்துக்கு எலுமிச்சம்பழம் கட்டிப் பூசை போடுவார்கள். போடட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை. நட்டு போல்ட்டை முடுக்கிப் பார்த்துவிட்டுப் போடட்டும். இன்னொன்று: ஸ்மார்ட் போர்டுக்குப் பணம் ஒதுக்கத் தெரிந்த நமக்கு, மாணவர்கள் பிரித்து மாட்டிப் பார்க்க ஒரு பழைய இயந்திரம் வாங்கத் தோன்றுவதில்லை. கிரீஸ் படியாத கைக்கு கியர் புரியும் என்று நான் நம்பவில்லை.

மிசூலாவில் ஒரு விளையாட்டு உண்டு. ஓரத்துக் குதிரையில் போகிறவர் கை நீட்டி ஒரு வளையத்தைப் பிடுங்கலாம். அமெரிக்க ராட்டினங்கள் பொதுவாக இடஞ்சுழியாகச் சுற்றுவதால் வலக்கை வெளிப்பக்கம் இருக்கும், வசதி. ஒரு பேச்சுக்கு, பெரிய சக்கரத்தில் 60 பல், சின்னதில் 15 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்குச் சரியாக நாலு குதி. வளையத்தைக் கடக்கும்போது உங்கள் குதிரை பள்ளத்தில் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்தில்தான் இருக்கும். குட்டைக் கை என்றால் கதை முடிந்தது!

பெரியதில் 61 பல் வைத்துவிடுங்கள். இப்போது சுற்றுக்கு நாலும் பதினைந்தில் ஒன்றும் குதி. குதிரை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு உயரத்தில் வளையத்தைக் கடக்கும். அதே பல்லோடு அதே பல் மோதி ஒரே இடத்தில் தேய்வதும் நின்றுவிடும். கியர் செய்கிறவர்கள் இப்படி எண்ணிக்கை வைப்பது தேய்மானத்துக்காகத்தான். 15 சுற்று முடிந்தால் பழைய உயரத்துக்கே திரும்பிவிடும். 12 விநாடிக்கு ஒரு சுற்று என்றால், மூன்று நிமிடம்.