ரைஃபிள் வாங்கும் முன் தோட்டா விலையைக் கேளுங்கள்

போன மாதம் ஒரு அப்பா எங்கள் துப்பாக்கி சுடும் பயிற்சி ரேஞ்சுக்கு வந்திருந்தார். மகள் பத்தாம் வகுப்பு, இரண்டு வருடமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள், இனி 50 மீட்டருக்கு மாறவேண்டும் என்று ஆசை. ரைஃபிள் என்ன விலை, சுடும்போது போடும் ஜாக்கெட் என்ன விலை, எந்த நகையை அடகு வைக்கலாம் என்பது வரைக்கும் கணக்கு எழுதிக்கொண்டு வந்திருந்தார். தோட்டாவுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அது சின்னதாத்தானே சார் இருக்கு, என்ன பெரிசா ஆகிடப்போகுது" என்றார்.

அவரைக் குறை சொல்லமாட்டேன். பயிற்சி கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து இதே பதிலை இதே தப்புக் கணக்கோடுதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரைஃபிள் ஒரு தடவை வாங்குவது, தோட்டா தினமும் வாங்குவது. வாரம் மூன்று நாள், நாளுக்கு 60 ரவுண்டு, வருடத்தில் 45 வாரம் என்று வைத்தாலே 8,100 வந்துவிடும். ஒரு தோட்டாவில் பத்து ரூபாய் கூடினால் வருடத்துக்கு 81,000 ரூபாய். எந்த போர் (குழலின் உள் அளவு), எந்தத் தோட்டா, அது ஏன் அந்த விலை என்று புரிந்துகொள்ளாமல் ரைஃபிளுக்கு முன்பணம் கட்டிவிட்டு, ஆறு மாதத்தில் பயிற்சியைப் பாதியாகக் குறைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். திறமை இருந்தும் தோட்டா இல்லாமல் நின்றுபோனவர்கள் அவர்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அன்று மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தேன். ஏர் ரைஃபிளில் போடும் ஒரு .177 பெல்லட், ஒரு .22 லாங் ரைஃபிள் தோட்டா, பழக்கத்துக்காக வைத்திருக்கும் சுட்டுமுடித்த .30-06 என்ற பெரிய ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூடு ஒன்று. .177, .22, .30 எல்லாம் அங்குலக் கணக்கில் போரின் அளவு.

பெல்லட் வெறும் ஈயம், அரை கிராம் சொச்சம். வெடிமருந்தும் கிடையாது, ஊசி அடித்ததும் தீப்பற்றும் கேப்பும் கிடையாது. டப்பாவுக்கு 500 வரும், ஒரு டப்பா வாங்கினால் ஒரு வாரப் பயிற்சிக்குத் தாங்கும்.

.22 அடுத்த படி, 50 மீட்டரில் சுடுவது இதைத்தான். இதை 1887ல் அமெரிக்காவில் கொண்டுவந்தார்கள், வடிவம் பெரிதாக மாறவே இல்லை. சுட்ட .22 கூட்டைத் திருப்பிப் பாருங்கள், ஊசி அடித்த பள்ளம் நடுவில் இருக்காது, ஓரத்தில் இருக்கும். தீப்பற்றும் மருந்தை அடிப்பக்க விளிம்புக்குள்ளேயே சுழற்றிப் பரப்பிவிடுகிறார்கள், அதனால் தனியாக ஒரு கேப் செய்து பொருத்தும் வேலை இல்லை. குண்டு சுமார் 2.6 கிராம், மேலே செம்பு உறை போடாத ஈயம். உள்ளே இருக்கும் வெடிமருந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. மெல்லிய தகடு, கொஞ்சம் ஈயம், ஒரு சிட்டிகை மருந்து, அவ்வளவுதான். மலிவாக இருப்பதற்கு முதல் காரணம் இது.

.30-06 கூட்டைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே அவருக்கு வித்தியாசம் தெரிந்தது. 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் சேர்ந்த பித்தளை. சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும் தகட்டை அச்சில் வைத்து இழுத்து, சூடுபடுத்திப் பதப்படுத்தி, மறுபடி இழுத்து, இப்படிப் பல தடவை செய்தால்தான் இந்த நீளமும் கழுத்தும் வரும். அடியில் கேப்புக்குத் தனிக் குழி. குண்டுக்கு உள்ளே ஈயம், வெளியே செம்புக் கலவை உறை. மருந்து மூன்று கிராமுக்கு மேல், அதாவது .22க்குப் போடுவதைப்போல முப்பது மடங்கும் அதற்கு மேலும். செம்பு விலை ஏறினால் .22 லேசாக நகரும், இது குதித்துவிடும்.

சரி, அப்போது பெரிசு என்றால் விலை, சிறிசு என்றால் மலிவு, கணக்கு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கணக்கு பாதிதான்.

நம்மூரில் லைசென்ஸ் உள்ளவர்களிடம் இருக்கும் .315 ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளையிலும் மருந்திலும் .30-06க்குப் பெரிய தூரம் இல்லை. ஆனாலும் வெளிநாட்டு .30-06 பக்கத்தில் .315 மிகவும் மலிவு. காரணம் வெள்ளைக்காரன் காலத்துக்குப் போகிறது. ராணுவம் வைத்திருந்த .303 தோட்டா வெளியே யார் துப்பாக்கியிலும் நுழையக்கூடாது என்று அரசு பயந்தது, அதனால் ஆஸ்திரியாவின் பழைய 8 மில்லிமீட்டர் மான்லிச்சர் தோட்டாவுக்கு ஏற்ற ரைஃபிளை இந்தியாவுக்கென்று செய்தார்கள். உலகம் அந்தத் தோட்டாவை மறந்தே போய்விட்டது. இங்கே மட்டும் அது சாதாரண சரக்கு, ஏனென்றால் புனே பக்கத்தில் கட்கி அரசுத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். கப்பல் கூலி இல்லை, இறக்குமதி வரி இல்லை, யூரோ ஏறினாலும் இறங்கினாலும் கவலை இல்லை.

இறக்குமதித் தோட்டாவுக்கு அத்தனையும் உண்டு. அது வெடிபொருள். விமானத்திலோ கப்பலிலோ ஏற்றும்போது ஐ.நா. எண் 0012, வகை 1.4எஸ் என்று முத்திரை குத்தித் தனி விதிப்படிதான் வரவேண்டும், அதற்கென்று பேக்கிங், அதற்கென்று காகிதம், அதற்கென்று பாதுகாப்புக் கிடங்கு. பெல்லட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஈயத்துண்டு தானே.

இன்னொரு காரணம், எத்தனை பேர் சுடுகிறார்கள் என்பது. என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட இதுதான் பெரிசு. அமெரிக்கச் சந்தையில் இது பளிச்சென்று தெரியும். அங்கே .257 ராபர்ட்ஸ் என்று 1934லிருந்து ஒரு தோட்டா இருக்கிறது, .308ஐவிடச் சின்னக் குண்டு, ஆனால் விலை அதிகம். .308ம் .223ம் ராணுவத் தோட்டாக்களோடு பிறந்தவை, கோடிக்கணக்கில் ஓடுபவை, மிசௌரியில் 1941ல் தொடங்கிய லேக் சிட்டி மாதிரி ஆலைகள் அந்த அளவுகளுக்காகவே இரவும் பகலும் ஓடிப் பழகியவை. ராபர்ட்ஸ் சுடுபவர்கள் கொஞ்சம் பேர். அதற்காக அச்சையெல்லாம் கழற்றி மாட்டி, சரிபார்த்து, சின்ன எண்ணிக்கை ஓட்டி, மறுபடி கழற்றவேண்டும், அந்தச் செலவு அந்தக் கொஞ்சம் தோட்டாக்கள் தலையில்தான் விழும். நம்ம ஊர் அச்சகத்தில் ஐம்பது பத்திரிகை அடித்தால் ஒன்று என்ன விலை, ஆயிரம் அடித்தால் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், அதே கதை.

அரசியலும் ஒரே நாளில் விலையை மாற்றிவிடும். ரஷ்யாவின் இரும்புக் கூட்டுத் தோட்டாவால்தான் ஏகே-47 சுடும் 7.62x39 தோட்டா அமெரிக்காவில் வெகுகாலம் மலிவாக இருந்தது. 2021 ஆகஸ்டில் அமெரிக்க அரசு ரஷ்ய இறக்குமதிக்குப் புது அனுமதி கிடையாது என்று அறிவித்தது, அந்த மலிவும் அதோடு போயிற்று. தோட்டாவில் எதுவும் மாறவில்லை.

இதைச் சொல்லும்போது நீலகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் குடும்பம் ஞாபகத்துக்கு வருகிறது. தாத்தா காலத்து .423 மாசர், யானை, காட்டெருமைக்கென்று வாங்கியது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கே இடமில்லாமல் போனது. ரைஃபிள் எண்ணெய் போட்டு மினுமினு என்றிருந்தது. தோட்டா ஏழு மிச்சம், பித்தளையில் பச்சை பூத்து. யாரோ ஒருவர் பழைய கூட்டில் மருந்து நிரப்பிப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று சொன்னாராம், வாங்கலாமா என்று கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்று சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா நிரப்புவது ஆயுதச் சட்டப்படி குற்றம். அதைவிட, என்ன மருந்து, எவ்வளவு என்று தெரியாத தோட்டா வெடிக்கும்போது உங்கள் கன்னம் போல்ட்டிலிருந்து, அதாவது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் இரும்பிலிருந்து, நாலு விரல்கடை தூரத்தில் இருக்கும். விலை கூடுதல் என்பதற்காகக் கிட்டத்தட்ட அதே அளவில் இருக்கும் வேறு தோட்டாவை நுழைத்துப் பார்ப்பதும் இதே ஆபத்துதான். பெட்டியில் எழுதியிருப்பதும் குழலில் பொறித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும்.

அப்புறம், ஒரே .22க்குள்ளேயே நாலைந்து மடங்கு விலை வித்தியாசம் இருப்பது ஏன் என்று பெற்றோர் கேட்பார்கள். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். போட்டித் தோட்டா வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குக் கீழே ஓடும்படி செய்யப்பட்டது, ஒன்றுக்கொன்று வேகம் மாறாமல் இருப்பதுதான் அதன் விலை. பெரிய கம்பெனிகளில் ஒரே எந்திரத்தில் வந்த தோட்டாக்களையே சுட்டுச் சோதித்து, மிக நன்றாக வந்த லாட்டுக்கு (ஒரே தடவையில் செய்த தொகுதிக்கு) உச்ச விலைப் பெயரும், அடுத்ததற்கு அடுத்த பெயரும் வைப்பது உண்டு.

ஆனால் உச்ச விலை உங்கள் குழலுக்கு ஒத்துவரும் என்று கட்டாயம் இல்லை. எங்கள் பையன் ஒருவனின் ரைஃபிளைக் கவ்வியில் இறுக்கி, நாலு லாட்டில் பத்துப் பத்து ரவுண்டு சுட்டோம். விலை அதிகமான லாட் பத்து வட்டத்துக்கு வெளியே இரண்டை எறிந்தது, நடுத்தர விலை லாட் பத்தையும் ஒரே கிழிசலாக உள்ளே போட்டது. மிச்சமான பணத்தில் அவன் இரண்டு போட்டிக்குப் போய்வந்தான்.

அந்த அப்பாவிடமும் அதைத்தான் சொன்னேன். முதல் வருடம் கிளப் ரைஃபிளில் சுடட்டும், பயிற்சிக்கு நடுத்தரத் தோட்டா, லாட் பார்த்து ஒத்துவந்தால் அதே லாட் எண்ணில் வருடத்துக்கு வேண்டியதை மொத்தமாக எடுத்துவிடலாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும். லாட் எண் பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும், காலிப் பெட்டியைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.