பேய் வராத ஒரு மணி நேரத்தில் உடம்பு என்ன செய்கிறது?

போரூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அண்ணனோடு வடபழனியில் ஒரு பேய்ப் படத்துக்குப் போனாராம். பேய்ப் படம் என்றுதான் பெயர், முதல் ஒரு மணி நேரத்தில் பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. ஒரு வீடு, அதில் தனியாக இருக்கும் ஒரு பெண், எப்போதும் பாதி திறந்தே கிடக்கும் ஓர் அறைக் கதவு, அவ்வளவுதான். "ஏசி ஓடியும் எனக்கு உள்ளங்கையெல்லாம் வேர்த்துவிட்டது சார். அண்ணன் இடைவேளைக்கு முன்பே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். பின் வரிசையில் சில பேர் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி முழுக்க நான் ஹால் லைட்டை அணைக்கவே இல்லை. ஒன்றுமே நடக்காத படத்துக்கு ஏன் இப்படிப் பயந்தேன்?"

பயம் வந்தால் உடம்பில் நடப்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மூளையில் அமிக்டலா எச்சரிக்கும், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி அட்ரினலினைக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிவிடும். சரி, அதெல்லாம் பாம்பைக் கண்ணால் பார்த்த பிறகு நடப்பது. வாசகி கேட்பது, பாம்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத நேரத்தைப் பற்றி. அப்போது உடம்பு போடும் கணக்கே வேறு. அசைவு குறையும், மூச்சு மேலோட்டமாகும், காதும் கண்ணும் கூர்மையாகும். பல பேருக்கு இதயத் துடிப்பு அந்த நேரத்தில் ஏறுவதற்குப் பதிலாகச் சற்று இறங்கக்கூடச் செய்கிறது. புலி வாடை அடித்ததும் மான் ஆடாமல் அசையாமல் நிற்கிறதே, அந்த நிலைதான் இது.

இந்தக் காத்திருப்பு எவ்வளவு கொடுமையானது என்பதை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2016-இல் வெளியான ஆய்வு அது. 45 பேரை ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் உட்கார வைத்தார்கள். திரையில் பாறைகள் வரும், ஒவ்வொன்றின் அடியிலும் பாம்பு இருக்குமா இருக்காதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி ஒரு ஷாக். எந்தப் பாறையடியில் பாம்புக்கு எவ்வளவு வாய்ப்பு என்பது ஆட்டத்தின் நடுவே மாறிக்கொண்டே இருக்கும். வியர்வையையும் கண்ணின் பாவை விரிவதையும் கருவி வைத்து அளந்தார்கள், எவ்வளவு பதற்றமாக இருக்கிறது என்று அவர்களிடமே கேட்டும் குறித்துக்கொண்டார்கள். ஷாக் கண்டிப்பாக வரும் என்று தெரிந்தபோது பதற்றம் உச்சத்துக்குப் போகவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று வாய்ப்பு சரிபாதியாக, 50 சதவீதமாக, இருந்தபோதுதான் உச்சம் தொட்டது. ஷாக் உறுதி என்று அறிந்தவர்கள் அதைவிட நிதானமாகவே இருந்தார்கள்.

மெல்ல நகரும் திகில் படம் நம்மை அந்த 50-இலேயே பிடித்து வைத்திருக்கிறது. பாதி திறந்த கதவை ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து தள்ளித் திறந்தால் அந்த எண் 100-க்குப் போய்விடும், பயம் தணிந்துவிடும். கடைசி வரை யாருமே தொடவில்லை என்றால் 0-க்கு இறங்கிவிடும். ஒரு காட்சியில் கேமரா கதவுக்குப் பக்கத்தில் போய்த் திரும்பிவிடுகிறது, அடுத்ததில் கதவு முன்பைவிட ஒரு விரற்கடை கூடுதலாகத் திறந்திருக்கிறது. இதைச் செய்யத் தெரிந்த இயக்குநருக்கு மூளையைப் பற்றி நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் அண்ணனின் குறட்டைக்கும் பின் வரிசைச் சிரிப்புக்கும் ஒரு விளக்கம் கிடைக்கிறது. இது என் ஊகம்தான். அண்ணன் அரை மணி நேரத்திலேயே 'இதில் ஒன்றும் வரப்போவதில்லை, படம் லேக்' என்று முடிவுகட்டிவிட்டார். அவருடைய எண் 0. அப்புறம் தூக்கம் வராமல் என்ன செய்யும்? பின் வரிசையில் இருந்தவர்கள் "இப்ப வரும் பாரு, இப்ப வரும் பாரு" என்று சொல்லிச் சொல்லித் தங்கள் எண்ணை 100-க்கு ஏற்றிக்கொண்டார்கள். தாங்க முடியாத நடுநிலையிலிருந்து தப்பிக்க அதுவும் ஒரு வழி. கஷ்டம் என்னவென்றால், அவர்கள் சத்தமாகச் சொல்லும்போது அரங்கத்தில் இருக்கிற எல்லோருடைய எண்ணும் நகர்ந்துவிடுகிறது. மாஸ் படத்துக்கு விசிலும் கைத்தட்டலும் சாப்பாட்டுக்கு உப்பு மாதிரி, எனக்கும் அது பிடிக்கும். ஆனால் இந்த வகைப் படத்தில் ஒரே ஒருவர் வாயைத் திறந்தாலும் முந்நூறு பேருடைய படம் கெட்டுப்போகிறது. தயவுசெய்து பேசாதீர்கள்.

அடுத்தது, திடீரென்று ஒரு பாத்திரம் விழுந்தால் தூக்கிவாரிப் போடுகிறதே, அது. சத்தம் காதில் விழுந்ததும் சில நரம்பணுக்களே கொண்ட ஒரு குறுக்குவழியில், மூளைத்தண்டு வழியாக, நேராகத் தசைகளுக்குப் போய்விடுகிறது. சத்தம் கேட்ட 30 முதல் 50 மில்லி நொடிக்குள் இமை மூடத் தொடங்குகிறது. திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன என்றால், ஏறக்குறைய ஒரே ஒரு படம் மாறுகிற நேரம். 'இது வெறும் சினிமா' என்று யோசிப்பதற்கு அங்கே இடமே இல்லை. இந்தக் குறுக்குவழியின் கூர்மை எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பதற்றத்தில் இருப்பவருக்கு அதே சத்தத்துக்கு இமை இன்னும் பலமாக அடிக்கும். இருட்டில் உட்கார்ந்திருந்தாலே மனிதர்களுக்கு அது கூடுகிறது என்று 1997-இல் காட்டினார்கள். அதே ஆண்டில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில் பிரகாசமான வெளிச்சம்தான் அதைக் கூட்டியது. எலி இரவில் நடமாடும் பிராணி, அதற்கு ஆபத்து வெளிச்சத்தில் இருக்கிறது.

ஆகவே ஹால் லைட்டை எரியவிட்டது சரியான காரியம்தான். ஒரு மணி நேரமாகக் கூராக்கப்பட்ட நரம்புகளோடு வீட்டுக்கு வந்தவருக்கு, குழாய் சொட்டுவதும் பக்கத்து வீட்டு இரும்புக் கேட் கிறீச்சிடுவதும் வேறு மாதிரி கேட்கும். ஆழ்வார்பேட்டை டிமான்ட்டி காலனியில் பேய் உலவுகிறது என்ற பேச்சைக் கேட்டு நள்ளிரவில் போனை நீட்டிக்கொண்டு போகிறவர்கள் அலறியடித்து ஓடி வருவதும் இதனால்தான். இருட்டு, வருமா வராதா என்ற காத்திருப்பு, சருகில் நாய் ஓடும் சத்தம். பயம் முழுக்க உண்மை, பேய்தான் இல்லை. இப்படி நடுங்கிப்போன பெண்பிள்ளைகளைக் 'காத்து கருப்பு அண்டிடுச்சு' என்று கூட்டிக்கொண்டு போய் வேப்பிலையால் அடிக்கிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. பயம் வாரக்கணக்கில் விடாமல் தூக்கத்தைக் கெடுத்தால் மருத்துவரிடம் போக வேண்டும். 1794-இல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனை இதே ஊரில் இருக்கிறது. அதன் வாசலை மிதிக்கவே ஜனங்கள் கூசும்படி 'கீழ்ப்பாக்கம்' என்பதை ஒரு கிண்டலாக்கி வைத்திருக்கிறோம். அதை நிறுத்த வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். வாசகியின் உடம்பு அந்த ஒரு மணி நேரம் சும்மா இருக்கவில்லை என்பதற்கு ஆதாரம் அரங்கத்தின் காற்றிலேயே இருந்திருக்கும்.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் வேதியியலுக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இருக்கிறது. அங்கே ஜோனதன் வில்லியம்ஸின் குழு வழக்கமாகக் காடுகளுக்கு மேலே காற்றில் என்னென்ன வாயுக்கள் கலந்திருக்கின்றன என்று ஆராயும் குழு. காற்றில் இருக்கும் வாயுக்களைப் பிரித்து அடையாளம் காணும் தங்கள் நிறை நிறமாலைமானியை அவர்கள் ஒரு சினிமா தியேட்டரில் காற்று வெளியேறும் குழாயோடு இணைத்தார்கள். 2013 டிசம்பர், 2014 ஜனவரி மாதங்களில் 16 படங்கள், 108 திரையிடல்கள், சுமார் 9,500 பார்வையாளர்கள். கருவி அரை நிமிடத்துக்கு ஒரு தடவை காற்றை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

படம் தொடங்கி நேரம் போகப்போகக் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. அது எதிர்பார்த்ததுதான், இத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் அல்லவா? ஆனால் அந்த ஏற்றத்தின் மேல் சின்னச் சின்ன முகடுகள் இருந்தன. அதே படத்தை வேறொரு நாள் வேறு கூட்டம் பார்த்தபோதும் முகடுகள் அதே இடத்தில், அதே காட்சியில் வந்தன! காற்றின் வரைபடத்தை மட்டும் பார்த்து எந்தக் காட்சி ஓடுகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். பதற்றமான காட்சிகளும் நகைச்சுவைக் காட்சிகளும்தான் தெளிவாகத் தடம் பதித்தன.

அதில் ஐசோப்ரீன் என்ற வாயுதான் கதாநாயகன். ஐந்து கார்பன், எட்டு ஹைட்ரஜன், அவ்வளவு எளிமையான மூலக்கூறு. ரப்பர் மரத்துப் பால் இதே அலகு கோத்த சங்கிலி. உலகத்தின் தாவரங்கள் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் ஐசோப்ரீனைக் காற்றில் விடுகின்றன. நம் உடம்பிலும் வளர்சிதை மாற்றத்தில் துளித்துளியாக உண்டாகித் தசைகளில் தேங்குகிறது. சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தவரின் மூச்சைப் பிடித்து அளந்தால் முதல் சில நொடிகளிலேயே ஐசோப்ரீன் பல மடங்கு எகிறுகிறது. தசை இறுகும்போது தேங்கியிருந்தது ரத்தத்துக்கு வருகிறது. ரத்தத்தில் அது சரியாகக் கரையாது, நுரையீரலை அடைந்ததும் வெளியே பறந்துவிடுகிறது.

நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர் சைக்கிள் மிதிக்கவில்லைதான். ஆனால் தன்னை அறியாமல் கைப்பிடியை இறுக்குகிறார், தொடையை இறுக்குகிறார், தோள் காதுவரை ஏறுகிறது, மூச்சைப் பிடித்து விடுகிறார். பதற்றக் காட்சியில் ஐசோப்ரீன் கூடுவதற்கு அந்தக் குழு சொல்லும் காரணம் இதுதான். அப்புறம் 135 திரையிடல்களை அளந்து, எந்தப் படம் எந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றது என்ற ஜெர்மன் தணிக்கை வகைப்பாட்டோடு ஐசோப்ரீன் அளவு பொருந்துகிறது என்று 2018-இல் வெளியிட்டார்கள். கருத்துக் கேட்டால் 'நான் பயப்படலை' என்று வீராப்பாகச் சொல்லிவிடலாம். மூச்சுக்கு அது தெரியாது.

இதைச் சென்னையில் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. காற்றின் வேதியியலை ஆராய்கிறவர்கள் ஐஐடி மெட்ராஸில் இருக்கிறார்கள், தியேட்டர்களுக்குப் பஞ்சமே இல்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதத்தை மட்டும் ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் நாட்டில், சினிமா அரங்கத்தின் காற்றை முகர்ந்து பார்க்கப் பணம் கேட்டால் எந்தக் குழு அனுமதிக்கும்? 'இதனால் என்ன பயன்' என்ற கேள்வி முதல் பக்கத்திலேயே வந்துவிடும். மைன்ஸ் குழுவிடம் அந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டிருந்தால் வயது வகைப்பாட்டைப் பற்றி அவர்களால் சொல்லியிருக்க முடியாது. அளந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது.

நம்மிடம் ஒரு தனிச் சிறப்பும் இருக்கிறது: இடைவேளை. ஒரு மணி நேரம் 50-இல் பிடித்து வைத்திருந்த கூட்டத்தை விளக்கைப் போட்டுச் சமோசா வாங்க அனுப்புகிறோம். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நடப்பதால் அங்கே ஐசோப்ரீன் விண்ணுக்கு எகிறும். மைன்ஸில் படம் முடிந்து கூட்டம் எழுந்தபோது அப்படித்தான் ஆனது. சைக்கிள் சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்திருக்கிறது: கொஞ்ச நேரம் ஓய்வெடுத்து மறுபடி மிதித்தால் இரண்டாவது எகிறல் சிறியதாகவே இருக்கிறது, தசையில் இருந்த சேமிப்பு அதற்குள் நிரம்புவதில்லை. அப்படியானால் இடைவேளைக்குப் பிறகு வரும் முகடுகள் குட்டையாக இருந்தால், பயம் குறைந்துவிட்டதா, வாயு தீர்ந்துவிட்டதா? ஒரே படத்தை இரண்டு திரையில் ஓட்டி, ஒன்றில் இடைவேளை விட்டு மற்றதில் விடாமல், ஐசோப்ரீனோடு கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து அளந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். கார்பன் டை ஆக்சைடு உடம்பில் உண்டாகிக்கொண்டே இருக்கிறது, தீர்ந்துபோகாது.