அம்பாசிடரைத் தாழ்த்தலாம், முதுகு வலிக்காமல்

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பா ஓட்டிய பழைய அம்பாசிடரைச் சரிசெய்து கொண்டிருக்கிறேன். உடம்பு கொஞ்சம் தாழ்ந்து, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்தால் அழகாக இருக்கும். ஆனால் பின் சீட்டில் உட்காரப்போவது முதுகுவலி உள்ள அம்மா. தாழ்த்தினால் வண்டி தூக்கிப் போடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?"

பாதி உண்மை. மீதிப் பாதி, எந்த வழியில் தாழ்த்துகிறோம் என்பதைப் பொறுத்தது. இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இதற்குள் இருக்கும் இயற்பியல் அவ்வளவு அழகானது.

ஒரு நூலில் சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். கைப்பிடியிலிருந்து சாவி வரை 25 செ.மீ. இருக்கட்டும். மெல்ல ஆட்டினால் போய்த் திரும்ப ஒரு விநாடி ஆகும். இப்போது ஒரு காரை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி உடம்பின் எடை ஏறியதும் அதன் ஸ்பிரிங் 25 செ.மீ. அமிழ்ந்து நிற்கிறது. பள்ளத்தில் விழுந்தால் அந்தக் கார் மேலும் கீழும் ஒருமுறை ஆட எவ்வளவு நேரம் எடுக்கும்? அதே ஒரு விநாடி! அமிழ்வு 10 செ.மீ. என்றால் 10 செ.மீ. நூல் ஆடுவதுபோல 0.63 விநாடி. ஸ்பிரிங் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறதோ அவ்வளவு நீள ஊசல்தான் அந்தக் கார்.

ஏன் அப்படி? 25 செ.மீ. அமிழ்ந்த ஸ்பிரிங் காரின் முழு எடையையும் தாங்குகிறது. அப்படியானால் இன்னும் 1 செ.மீ. அமுக்கினால், எடையில் 25-இல் ஒரு பங்கு விசையோடு அது மேலே தள்ளும். ஊசலைப் பாருங்கள். 25 செ.மீ. நூலில் தொங்கும் சாவியை 1 செ.மீ. பக்கவாட்டில் இழுத்தால், சாவியின் எடையில் 25-இல் ஒரு பங்கு விசை அதை நடுவுக்கு இழுக்கும். ஒன்று மேலும் கீழும் போகிறது, மற்றது பக்கவாட்டில் போகிறது, இரண்டுக்கும் கணக்கு ஒன்றே. கார் ஒரு டன்னா இரண்டு டன்னா, ஸ்பிரிங் சுருளா பட்டையா என்ற கேள்வியே இதில் எழவில்லை. அமிழ்வு ஒன்று தெரிந்தால் போதும். முதன்முதலில் இதைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று நான் நூலும் ஸ்கேலுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, இதற்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம்? நடக்கும்போது நம் உடம்பு விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை ஏறி இறங்குகிறது. அதைவிட மெதுவான ஆட்டம், அதாவது விநாடிக்கு 1 முதல் 1.5 முறை, நமக்கு இதமாக இருக்கும். விநாடிக்கு 4 முதல் 8 முறை வரும் அதிர்வுதான் உடம்பை மிகவும் படுத்துவது. வயிறும் முதுகும் அதோடு சேர்ந்து குலுங்கும். எனவே அமிழ்வு அதிகமுள்ள கார் தாலாட்டும், குறைவானது உதறும்.

உங்கள் காரின் அமிழ்வை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். டிக்கியில், சீட்டின் முதுகை ஒட்டி, 50 கிலோ சிமெண்ட் மூட்டை இரண்டை வையுங்கள். பின்பக்கம் 3 செ.மீ. இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு செ.மீ.க்கு 33 கிலோ. பின் ஸ்பிரிங்குகள் தாங்கும் எடை 430 கிலோ என்றால் அமிழ்வு 13 செ.மீ., ஆட்டம் விநாடிக்கு சுமார் 1.4 முறை. இந்தக் கணக்கில் துல்லியம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

இப்போது தாழ்த்துவதற்கு வருவோம். மாருதி 800-இன் முன்பக்கம்போலச் சுருள் ஸ்பிரிங் உள்ள கார்களில் பலர் சுருளை வெட்டிவிடுகிறார்கள். எட்டுச் சுற்றில் இரண்டை வெட்டினால் வண்டி இறங்கும், ஆனால் மிஞ்சிய ஸ்பிரிங் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விறைக்கும். 15 செ.மீ. அமிழ்வு 11 செ.மீ. ஆகிவிடும். ஊசலின் நூலைச் சுருக்கிவிட்டோம். கேஸ் கட்டரால் வெட்டினால் இன்னொரு கேடு: சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

அம்பாசிடர்க்காரருக்கு அதிர்ஷ்டம் இங்கேதான். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு கார் வழி வந்த அந்தக் காரின் முன்பக்கத்தில் இருப்பது சுருள் இல்லை, டார்ஷன் பார். நீளமான எஃகுத் தண்டு அது. ஒரு முனையை வண்டியின் உடம்பு பிடித்திருக்கும், மறுமுனை சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையோடு சேர்ந்திருக்கும். சக்கரம் ஏறினால் தண்டு முறுக்கிக்கொள்ளும், ஈரத்துணியைப் பிழிவதுபோல. 1931-இல் கார்ப் பொறியாளர் ஃபெர்டினாண்ட் போர்ஷே இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். தண்டின் விறைப்பு அதன் நீளத்தையும் தடிமனையும் மட்டுமே சார்ந்தது. எந்தக் கோணத்தில் மாட்டினோம் என்பதைச் சாரவே சாராது. ஆகவே தண்டைக் கழற்றி, பிடிக்கும் கோணத்தைச் சற்றுத் திருப்பி மாட்டினால் வண்டி தாழும், அமிழ்வு மாறாது. சாவியும் நூலும் அப்படியே இருக்க, கையை மட்டும் கீழே இறக்கியதுபோல. ஒன்று மட்டும் கவனம்: முறுக்கிய தண்டில் நிறைய ஆற்றல் அடைந்து கிடக்கும். கைதேர்ந்த மெக்கானிக்கிடம்தான் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும். இடது தண்டை வலதுபக்கம் மாற்றியும் மாட்டக் கூடாது.

பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள். ஒரு பட்டையை உருவிவிடுவது சிலர் வழக்கம். வண்டி இறங்கும், மெதுவாகவும் ஆடும், ஆனால் மிச்சப் பட்டைகள் கூடுதல் பாரத்தில் ஒருநாள் முறியும். நல்ல வழி, பட்டையின் வளைவைச் சூடாக்காமல் அழுத்திக் குறைப்பது. அகலம், தடிமன், நீளம், எண்ணிக்கை எதுவும் மாறாததால் விறைப்பு அப்படியே இருக்கும். அச்சுக்குக் கீழே பட்டை ஓடும் வண்டிகளில் இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டை வைத்தும் இறக்கலாம். அப்புறம், பட்டைகளைப் பிரித்துத் துருவைச் சுரண்டி கிரீஸ் தடவுங்கள். துருப்பிடித்த பட்டைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு சின்ன அதிர்வுகளுக்கு அசையவே மறுக்கும். பழைய காரில் முதுகைப் பதம் பார்ப்பது பெரும்பாலும் இதுதான்.

முன்னும் பின்னும் விறைப்பை மாற்றாததில் இன்னொரு லாபமும் உண்டு. 1930-களில் அமெரிக்காவின் கேடிலாக் கம்பெனியில் மாரிஸ் ஓலி என்ற பொறியாளர், முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்று கண்டார். அம்பாசிடரின் சக்கர இடைவெளி 2.46 மீட்டர். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் முன்சக்கரம் மேட்டில் ஏறி 0.22 விநாடி கழித்துத்தான் பின்சக்கரம் ஏறும். தாமதமாக ஆடத் தொடங்கிய பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும், படகுபோல மூக்கும் வாலும் மாறி மாறித் தூக்காது. ஒரு பக்கத்தை மட்டும் விறைப்பாக்கினால் இந்த இசைவு கெடும்.

எவ்வளவு தாழ்த்தலாம்? என் கருத்து, 3 செ.மீ. போதும். தாழ்த்தும் ஒவ்வொரு செ.மீ.யும் சக்கரம் மேலேறும் இடத்திலிருந்து போகிறது. அந்த இடம் தீர்ந்தால் சக்கரத்தின் அச்சு தடுப்பு ரப்பரில் மோதும், அதைத்தான் 'தூக்கிப் போடுகிறது' என்கிறோம். ரப்பரைக் கழற்றினால் இரும்பு இரும்போடு மோதும்.

வேகத்தடையும் இருக்கிறது. சாலைகளுக்குத் தர விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி அது 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வில். அப்படிக் கட்டினால், நான்கு சக்கரமும் மேட்டின்மேல் நிற்கையில் காரின் நடுவயிற்றுக்கு அடியில் சுமார் 4.5 செ.மீ.தான் குறையும். அம்பாசிடரின் தரை இடைவெளி சுமார் 16 செ.மீ. 3 செ.மீ. தாழ்த்திய பிறகும் 8 செ.மீ.க்கு மேல் மிஞ்சும். ஆனால் நம் தெருக்களில் ஒரே இரவில் முளைக்கும் குறுகலான மேடுகளுக்கு எந்த வில்லும் கிடையாது, முழு உயரமும் வயிற்றுக்கு நேரே வந்து நிற்கும். நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் செல்போனில் உள்ள முடுக்கமானியை (குலுக்கலை உணரும் கருவி) வைத்தே ஊர் ஊராக இவற்றை அளந்து வரைபடம் போடலாம். அதற்குக் கொடுக்கும் சிறு தொகையை நான் வீண்செலவு என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். வண்டி எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வரக் கூடாது என்று ஆயிரக்கணக்கில் கொட்டுகிற நாம், சாலையை அளக்கச் செலவழிக்க வேண்டாமா?

டயரை மாற்றாதீர்கள். உயரமான பக்கச்சுவர்தான் முதல் ஸ்பிரிங். பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. வேலையைத் தொடங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்து, முன்விளக்கின் கோணத்தையும் சரிசெய்யுங்கள். பிறகு அதே இரண்டு சிமெண்ட் மூட்டையை அதே இடத்தில் வையுங்கள். முன்பு 3 செ.மீ. இறங்கிய வண்டி இப்போதும் 3 செ.மீ. இறங்கினால், அம்மாவை உட்காரவைத்துப் பிள்ளையார்பட்டி வரை ஒரு சுற்றுப் போய் வரலாம்.