துருக்கியில் பழைய சுவர் ஓடு (டைல்ஸ்) வாங்காதீர்கள்

இந்த வாரமும் ஒரு படம் வந்தது. "இஸ்தான்புல் போனப்ப வாங்கினது சார், ஒட்டோமான் காலத்து டைல்ஸாம். என்ன விலை போகும்?" துருக்கியை ஆண்ட செல்ஜுக், ஒட்டோமான் அரச மரபுகளின் கட்டடக்கலையை ஆராய்வதே என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. விலை சொல்ல மாட்டேன். தயவுசெய்து கேட்காதீர்கள்.

கேட்டால் எல்லோரும் ஒரே சமாதானம் சொல்கிறார்கள்: "நானா சுவரிலிருந்து பெயர்த்தேன்? கடையில் இருந்தது. சின்னத் துண்டுதானே." இந்தச் 'சின்னத் துண்டு' நினைப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

துருக்கியின் பெய்ஷெஹிர் ஏரிக்கரையில் செல்ஜுக் சுல்தான் அலாவுத்தீன் கெய்குபாத் 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய குபாதாபாத் அரண்மனையைப் பாருங்கள். சுவரெங்கும் எட்டு முனை நட்சத்திர ஓடுகள், அவற்றுக்கிடையே சிலுவை வடிவ ஓடுகள். நட்சத்திரங்களுக்குள் சம்மணமிட்ட மனிதர்கள், இரட்டைத் தலைக் கழுகு, பெண்முகப் பறவை. எந்த உருவம் எந்த அறையில், எவ்வளவு உயரத்தில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று தெரிந்தால்தான் அந்த அரண்மனையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதுவரை பேச முடியும். 1980-இல் அங்கே அகழாய்வை மீண்டும் தொடங்கிய கலை வரலாற்றாசிரியர் ருச்ஹான் அரிக் பல்லாண்டுகளைக் கொடுத்தது இதற்காகத்தான். அங்கே கிடைத்த ஓடுகளைக் கோன்யா நகரில், 1251-இல் கட்டிய கராத்தாய் மதரஸாவில் இன்று யாரும் பார்க்கலாம். அதே ஓடு உங்கள் வரவேற்பறைக்கு வந்துவிட்டால் அதனிடம் கேட்க எங்களுக்கு ஒரு கேள்விகூட மிஞ்சாது.

இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா வளாகத்தில் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் செலிமின் கல்லறை இருக்கிறது. வாசலின் இருபுறமும் இஸ்னிக் நகரில் செய்த ஓட்டுப் பலகைகள். அவற்றில் ஒன்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பழுதுபார்க்க என்று பிரான்சுக்குப் போனது. திரும்பி வந்தது நகல். அசல் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில். (மாணவர்களை நான் முதலில் நிறுத்துவது அந்த வாசலில்தான். ஒருபுறம் இருக்கும் அசல் பலகையையும் மறுபுறம் இருக்கும் நகலையும் ஒப்பிட்டுப் பார்த்தால் சிவப்பும் மெருகும் வேறுபடுவது யாருக்கும் தெரியும்.) வாங்க ஆள் இருப்பதால்தான் பெயர்க்கவும் ஆள் இருக்கிறது.

சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. துருக்கியின் 1983-ஆம் ஆண்டு 2863-ஆம் எண் சட்டப்படி, பாதுகாக்க வேண்டிய தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது குற்றம். கடை ரசீது உங்களைக் காப்பாற்றாது. வாங்கியது போலி என்றால் காசு போச்சு. அசல் என்றால் விமான நிலையத்தில் நீங்கள் கடத்தல்காரர். இதில் லாபம் எங்கே?

ஆசையிருந்தால் துருக்கியின் கூத்தாஹ்யா நகரப் பட்டறைகளின் புது ஓடுகளை வாங்குங்கள். கைவேலை, அழகு, அந்தக் குடும்பங்களுக்கும் பிழைப்பு. ரசீதைப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். பழசுபோல் தோன்றும் எதையும், கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும், தொடாதீர்கள். இடிந்த மதரஸா வாசலில் துண்டு கிடந்தால் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வாங்கி வந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். பின்பக்கம் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புக் காரையைச் சுரண்டாதீர்கள். ஓடு எந்தச் சுவரிலிருந்து வந்தது என்று தேட அந்தக் காரையாவது துணை நிற்கும். துணியில் சுற்றி வைத்துவிட்டு, திருப்பிக் கொடுப்பது பற்றித் துருக்கித் தூதரகத்திடம் பேசுங்கள்.