காதுக்கென்றே கட்டப்பட்ட பேச்சு

கைபேசியில் கேட்கும் பாட்காஸ்ட் எனும் ஒலி நிகழ்ச்சிகளில் தங்களுக்குப் பிடித்தது எது என்று இருவர் பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் அதன் உள்ளடக்கத்தைச் சுற்றியே நிற்கும். ஒன்று வரலாறு சொல்கிறது, மற்றொன்று அறிவியல் சொல்கிறது, இன்னொன்று பழைய வழக்கைத் துப்பறிகிறது. ஆனால் ஒரே செய்தியைப் பேசும் இரண்டு நிகழ்ச்சிகளில் ஒன்று திருநெல்வேலியிலிருந்து தென்காசி வரை பேருந்தில் நம்மைக் கட்டிப்போடுகிறது. மற்றொன்றைச் சீதபற்பநல்லூர் வருவதற்குள் நிறுத்திவிடுகிறோம். காதும் மூளையும் பேச்சை எப்படி வாங்கிக்கொள்கின்றன என்பதை அறிந்து செய்த நிகழ்ச்சியே நிலைக்கிறது என்பது, பல ஆண்டுகளாக இவற்றைக் கேட்டுவரும் என் துணிபு.

அச்சிட்ட பக்கத்தில் ஒரு வரி புரியாவிட்டால் கண் தானாகவே மேலே போய்த் திரும்ப வாசித்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி கிடையாது. சொன்ன சொல் போய்விடும். அதன் தடத்தை மனம் சற்று நேரமே பிடித்து வைத்திருக்கும். ஆலன் பேட்லி, கிரகாம் ஹிட்ச் என்ற உளவியலாளர்கள் 1974 இல் முன்வைத்த செயல்நினைவு (தகவலைச் சற்று நேரம் பிடித்து வைத்துக் கையாளும் நினைவு) பற்றிய கோட்பாட்டின்படி, கேட்ட சொற்களைத் தாங்கி நிற்கும் பகுதியும் உருவத்தையும் இடத்தையும் கையாளும் பகுதியும் தனித்தனியானவை. சொற்களைத் தாங்கும் பகுதியில் ஏறத்தாழ 2 விநாடி அளவுக்கான பேச்சே தங்கும். அதற்குள் பொருள் பிடிபடாவிட்டால் அடுத்த சொற்கள் வந்து முந்தையவற்றைத் தள்ளிவிடும்.

கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே காது கதை கேட்க முடிவதும் இந்தப் பிரிவினையால்தான். முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கத்து வீட்டுத் திண்ணைகளில் பீடி சுற்றும் பெண்களைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். மடியில் சுளகு இருக்கும். கத்தரித்த இலையில் தூளை வைத்து, சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி முடிக்கும் வரை விரல்களுக்கு மனத்தின் துணை ஏறக்குறைய தேவைப்படுவதில்லை. முன்பு வானொலிப் பெட்டி இருந்த இடத்தில் இப்போது கைபேசி இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் சுற்றிய பீடிகளைக் கட்டாகக் கட்டுவதற்கு எண்ணத் தொடங்கியதும் கதை நழுவும். எண்ணுவது என்பது மனத்துக்குள் சொல்லிக்கொள்வது. அது கதைச் சொற்கள் தங்கும் அதே இடத்துக்குப் போட்டியிடுகிறது. கேட்பவரின் கவனம் இப்படி இடையிடையே அறுபடும் என்பதைத் தெரிந்து, முக்கியமான பெயரையும் நிகழ்வையும் சிறிது இடைவெளிக்குப் பிறகு வேறு சொற்களில் மீண்டும் சொல்லும் நிகழ்ச்சியைக் கேட்பவர் கைவிடுவதில்லை.

குரல் எவ்வளவு நெருக்கத்தில் ஒலிக்கிறது என்பது அடுத்தது. திறந்த வெளியில் ஒலி மூலத்திலிருந்து தூரம் இரட்டிப்பானால் ஒலியின் அளவு 6 டெசிபல் (ஒலியளவின் அலகு) குறையும். அறைக்குள் நிலைமை வேறு: பேசுபவரிடமிருந்து நேரே வரும் ஒலி குறைந்தாலும், சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி ஏறத்தாழ அதே அளவில் அறை முழுதும் நிற்கும். ஆகவே மைக் விலக விலக, குரலைவிட அறை அதிகமாகக் கேட்கிறது. ‘கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது’ என்று நாம் சலித்துக்கொள்வது இந்த விகிதத்தைத்தான். ஒரு சாண் தூரத்தில் பேசினால் நேர் ஒலி மேலோங்கும். மேலும், ஒரு திசையை நோக்கிக் கேட்கும் வகை மைக்குகள் மிக அருகில் வரும் குரலின் கீழ் அதிர்வெண்களை, அதாவது தாழ்ந்த சுருதிப் பகுதியை, கூட்டிக் காட்டுவதால், குரலில் ஒரு கனமும் இதமும் சேரும். ஹெட்போனில் இரண்டு காதுக்கும் ஒரே ஒலி ஒரே கணத்தில் சேரும்போது, மூளை அந்த ஒலிக்கு வெளியே ஓர் இடம் குறிக்க முடியாமல் தலைக்குள்ளேயே இருப்பதாக உணர்கிறது. உறவினர் அல்லாத ஒருவர் இவ்வளவு நெருக்கத்தில் நம்மிடம் பேசுவது வாழ்க்கையில் அரிது. முகம் தெரியாத பாட்காஸ்ட்காரர் நெடுநாள் பழகியவராகத் தோன்றுவதில் இந்த நெருக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

பாளையங்கோட்டையில் புதிதாகக் கட்டிய காங்கிரீட் வீட்டின் வெற்று அறையில் பதிவு செய்ய விரும்பும் இளைஞர்களுக்காக ஒரு செய்தி. சுவரில் பத்தமடைப் பாயை மாட்டினால் அழகாக இருக்கும். ஆனால் மெல்லிய பொருள் உயர் அதிர்வெண்களை மட்டுமே ஓரளவு உறிஞ்சும். 4,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 4,000 அதிர்வு) ஒலியின் அலைநீளம் சுமார் 8.5 சென்டிமீட்டர், 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ அது 3.4 மீட்டர். நீண்ட அலையை அடக்கப் பருமனான பொருள் வேண்டும். இலவம்பஞ்சு மெத்தை, அடுக்கிய போர்வைகள், துணி நிறைந்த திறந்த அலமாரி ஆகியவற்றுக்கு நடுவே உட்கார்ந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசினால் பாதி வேலை முடிந்தது.

பேருந்தில் கேட்பவருக்கு வேறொரு தொல்லை. எஞ்சினின் தாழ்ந்த உறுமல், தனக்கு மேலுள்ள அதிர்வெண்களையும் மறைக்கும் இயல்பு கொண்டது. குரல் உரக்க எழுந்தும் தணிந்தும் போகுமானால், தணிந்த சொற்கள் அந்த உறுமலுக்குள் முழுகிவிடும். ஆகவே தேர்ந்த தயாரிப்பாளர்கள் உரத்த பகுதிக்கும் மெல்லிய பகுதிக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கி, ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் சராசரி உரப்பு மாறாமல் வைக்கிறார்கள். திருநெல்வேலி வானொலி நிலையத்தின் குரலை மத்திய அலையில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. அந்தப் பெட்டிகளில் ஏறத்தாழ 4,500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி பெரும்பாலும் வந்து சேராது. ஸ போன்ற ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அன்றைய அறிவிப்பாளர்களின் நிதானமான, சொல் பிரித்த உச்சரிப்பு அந்த இழப்பைப் பெருமளவு ஈடுசெய்தது.

இவ்வளவு ஒலியும் கைபேசிக்குள் எளிதாக வந்து இறங்குவதற்குக் காரணமான, ஒலிக்கோப்பைச் சுருக்கும் எம்பி3 முறையும் காதின் இயல்பையே நம்பியிருக்கிறது. குறுந்தட்டுத் தரத்தில் ஒரு மணிநேர ஒலி சுமார் 635 மெகாபைட் ஆகும். வலுவான ஓர் ஒலி, அதிர்வெண்ணிலும் நேரத்திலும் தனக்கு அருகே உள்ள மெலிந்த ஒலிகளைக் காதுக்கு எட்டாமல் மறைத்துவிடும். எப்படியும் கேட்காத அந்தத் தகவலுக்கு இடம் ஒதுக்காமல் விட்டால், ஒரே தடத்தில் பதிந்த ஒரு மணிநேரப் பேச்சை 29 மெகாபைட்டுக்குள் அடக்கலாம். இந்தத் தரநிலை 1993 இல் வெளியானது.

இனி, மனத்துக்குள் நடப்பது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன்ஸ், சில்பர்ட், ஹேசன் ஆகியோர் 2010 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெண் தன் வாழ்க்கைச் சம்பவம் ஒன்றைச் சொல்லும்போதும், அதன் பதிவை மற்றவர்கள் கேட்கும்போதும் மூளையின் செயல்பாட்டைப் படம்பிடித்தார்கள். சொன்னவரின் மூளையில் தோன்றிய ஏற்ற இறக்கங்கள் கேட்டவர்களின் மூளையிலும் சிறிது நேரம் பிந்தித் தோன்றின. சில பகுதிகளிலோ கேட்டவரின் மூளை சொல்பவரை முந்திக்கொண்டது. இப்படி முந்தியது எவருக்கு அதிகமோ அவர் கதையை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். புரியாத மொழியில் கேட்டபோது இந்த இணைவு மறைந்துபோனது. கேட்பது என்பது, அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே போகும் உழைப்பு.

அந்த உழைப்பைத் தாங்கிப்பிடிக்கும் ஏற்பாடு ஒன்று நம் ஊர்க் கொடைவிழாக்களில் நெடுங்காலமாக இருக்கிறது. வில்லுப்பாட்டில் புலவர், சுடலைமாடன் சாமி பிறந்த கதையை ஓர் அடி சொல்லி நிறுத்துவார். பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ என்பார், சில இடங்களில் சொன்னதையே திருப்பிச் சொல்வார், சில இடங்களில் கேள்வி கேட்பார். இரவு முழுதும் கண்விழித்துக் கேட்கும் கூட்டத்துக்கு, வந்த அடியை உள்வாங்கவும் அடுத்ததை ஊகிக்கவும் அந்த ஒரு சொல்லின் இடைவெளி போதும்.

எனக்குப் பிடித்த நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் இந்தப் பக்கத்து ஆள் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறார். பிபிசி வானொலியில் மெல்வின் பிராக் 1998 முதல் பல்லாண்டு நடத்திய ‘இன் அவர் டைம்’ நிகழ்ச்சியில் மூன்று அறிஞர்கள் முக்கால் மணிநேரம் ஒரே பொருளைப் பேசுவார்கள். பேச்சு துறைமொழிக்குள் நழுவும்போதெல்லாம் பிராக் குறுக்கிட்டு, கேட்பவருக்கு எழும் கேள்வியைத் தாமே கேட்டுவிடுவார். அலங்காரமே இல்லாத அந்த நிகழ்ச்சியைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். அமெரிக்காவின் ‘ரேடியோலேப்’ நிகழ்ச்சியை ஜாட் அபும்ராடும் ராபர்ட் கிரல்விச்சும் நடத்திய காலத்தில், அபும்ராட் விளக்கத் தொடங்குவார், கிரல்விச் நம்பாமல் இடைமறிப்பார். அபும்ராட் இசையமைப்பு பயின்றவர். ஒரு கருத்து முடிந்ததும் அவர் விட்ட மௌனமும் மெல்லிய ஒலியும், அடுத்த கருத்துக்கு மனம் தயாராகும் நேரத்தை அளந்து வைத்தவை.

ஆகையால், ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இன்றைய செயலிகள் ஒலியைச் சிறு துண்டுகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி நெருக்கி ஒட்டுவதால், குரல் கீச்சுக்குரலாக மாறாமல் வேகம் மட்டும் கூடுகிறது. தெரிந்த பொருளை எளிய மொழியில் சொல்லும் நிகழ்ச்சிக்கு இதனால் பெரிய கேடில்லை. மௌனங்களை அறவே வெட்டிவிடும் வசதியைத்தான் நான் அணைத்தே வைத்திருக்கிறேன். வாக்கியம் முடியும் இடத்தில்தான் மனம் அதுவரை கேட்டதை ஒன்றுசேர்த்துப் பொருளாக்குகிறது. அந்த நேரத்தைப் பறித்துவிட்டால், ரேடியோலேப் போன்ற நிகழ்ச்சியில் சொற்கள் அத்தனையும் கேட்டிருந்தும் அடுத்த நாள் ஒருவருக்கு அதை எடுத்துச் சொல்ல வராது.