கதாபாத்திரம்: ஒரு கலத்தின் கதை

திரைக்கதை எழுதுகிற நண்பர்களிடம் ‘உங்கள் நாயகன் எப்படிப்பட்டவன்?’ என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் வரும். வயது 28, நேர்மையானவன், கொஞ்சம் முன்கோபி, அம்மாமேல் உயிர். காலிக் குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றுகிற மாதிரி. இந்தப் பழக்கத்தில் ‘கதாபாத்திரம்’ என்ற சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

கதா, பாத்திரம் இரண்டுமே வடசொற்கள். ‘பா’ என்றால் குடித்தல். குடிக்க உதவும் கலம் பாத்திரம். மணிமேகலையில் ‘பாத்திரம் பெற்ற காதை’ என்றே ஒரு பகுதி இருக்கிறது. அங்கே அது அமுதசுரபி, எடுக்க எடுக்கக் குறையாத பிச்சைக் கலம். கலத்தின் வேலை ஏற்றுக்கொள்வது. அதனால் ஏற்கத் தகுதியுள்ள ஆளுக்கும் அதே சொல் பொருந்திவிட்டது. ‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்னும்போது நாம் பார்க்க வேண்டியது ஏந்தி நிற்கும் ஆளை, அவர் கையிலிருக்கும் தட்டை இல்லை. ‘அன்புக்குப் பாத்திரமானவர்’ என்று மேடைகளில் சொல்வதும் இந்தக் கணக்குதான்.

சரி, நாடகத்துக்குள் கலம் எப்படி வந்தது? சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரில் வாழ்ந்த அபிநவகுப்தர் நாட்டிய சாஸ்திரத்துக்கு எழுதிய உரையில் இதற்கு ஒரு அழகான காரணம் சொல்கிறார். சுவை நடிகனிடம் இல்லை. பார்ப்பவர் சுவைப்பதற்கு அவன் ஒரு வழி. அதனால்தான் அவனைப் பாத்திரம் என்கிறோம், மது இருக்கும் கலம் மதுவைச் சுவைப்பதில்லையே என்கிறார். ஆக, அவர் சொல்லும் பாத்திரம் மேடையில் நிற்கும் நடிகன். கதைக்குள் வாழும் ஆளையும் அதே சொல்லால் அழைத்துப் பழகிவிட்டோம். மலையாளத்திலும் இதே ‘கதாபாத்திரம்’தான், தெலுங்கும் கன்னடமும் ‘பாத்ர’ என்பதோடு நிறுத்திக்கொண்டன.

இப்போது படப்பிடிப்புத் தளத்தில் அதிகம் புழங்கும் ‘கேரக்டர்’. அதன் கிரேக்க மூலத்துக்குக் கீறும் கருவி, நாணயத்தில் பதிக்கும் முத்திரை என்று பொருள். பிறகுதான் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும் குணத்துக்கு அது பெயரானது. ஆங்கிலத்தில் நாடகத்தில் வரும் ஆளைக் குறிக்கத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ் இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து 30 வகை மனிதர்களை வரைந்திருக்கிறார். அதில் ஒரு கஞ்சன். மனைவி சில்லறைக் காசு ஒன்றைத் தவறவிட்டதும் பாத்திரம், கட்டில், பெட்டி எல்லாவற்றையும் நகர்த்திவிட்டுத் தேடுகிறான். பக்கத்து வீட்டுக்கு உப்போ விளக்குத் திரியோ கடன் கொடுக்கக் கூடாது என்கிறான். சின்னச் சின்னதாகக் கொடுத்தால் வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கும் சொல்கிறான். அப்படியே படம் பிடிக்கலாம். வசனம்கூட அதிகம் தேவையில்லை. ‘கஞ்சன்’ என்று எழுதிவைப்பது ஊற்றுவது. கட்டிலை நகர்த்த வைப்பது கீறுவது.

இந்த இடத்தில் நம் ஊர் ‘குணச்சித்திர நடிகர்’ என்ற சொல்லைப் பாராட்டாமல் போக முடியாது. குணத்தைச் சித்திரமாக்குவது! கிரேக்கனுக்கு மிக நெருக்கம். கெடுவாய்ப்பாக அதை நாயகனின் அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒதுக்கிவிட்டோம், நாயகனுக்குக் குணச்சித்திரம் வேண்டாம் என்பது போல.

‘ரோல்’ என்பது நடிகரின் வசனம் எழுதிய காகிதச் சுருள். நாடகக் கொட்டகைகளில் ஓடிய ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் எல்லாம் ஆங்கிலப் ‘பார்ட்’ ஒட்டிக்கொண்டவை. தெருக்கூத்தில் வேஷம் கட்டுவார்கள். இவை மூன்றும் நடிப்பவரின் சொற்கள், எழுதுபவருக்கு உதவாது.

எழுதுபவருக்கு வேண்டிய சொல் கதைமாந்தர். ‘வெள்ளத் தனைய மலர்நீட்டம் மாந்தர்தம் உள்ளத் தனையது உயர்வு’ என்று குறளில் வரும் அதே மாந்தர். மாந்தர் என்றால் மக்கள். அந்தச் சொல்லில் கலமும் இல்லை, முத்திரையும் இல்லை. பாடநூல்களிலும் திறனாய்விலும் நன்றாகவே ஊன்றிவிட்டது. தொல்காப்பியத்தில் இதற்கு ஒரு முன்வழியும் உண்டு. ‘மக்கள் நுதலிய அகனைந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்கிறது: அகப்பாட்டில் வரும் மக்களை இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது. புலவரும் தம் குரலில் பேச மாட்டார். தலைவி, தோழி, செவிலி என்று யாராவது ஒருவர் கூற்றாகத்தான் பாட்டு வரும். பெயரும் இல்லை, அறிமுகமும் இல்லை, அப்படியும் தோழி நினைவில் நிற்கிறாள். எதைச் சொல்கிறாள், எதை மறைக்கிறாள், யாரைச் சீண்டுகிறாள் என்பதிலேயே ஆள் தெரிந்துவிடுகிறாள். உள்ளத்தில் இருப்பது மெய்யில் தெரிவதற்கு மெய்ப்பாடு என்று தனிச் சொல்லே வைத்து, அதற்கு ஓர் இயலும் ஒதுக்கியிருக்கிறார் தொல்காப்பியர். கண்ணால் பார்ப்பதையும் காதால் கேட்பதையும் தவிர வேறு எதையும் எழுத முடியாத திரைக்கதைக்காரருக்கு இதைவிட நெருக்கமான இலக்கணம் எனக்குத் தெரிந்து இல்லை.

சொல்லில் சங்கடங்களும் உண்டு. மாந்தர் பலர்பால்; ஒருவரைச் சொல்ல ‘கதைமாந்தர் ஒருவர்’ என்று சுற்றிவர வேண்டும். ‘கதைமாந்தன்’ என்றால் பெண்கள் வெளியே நிற்பார்கள். அப்புறம் கதையில் ஒரு நாய் முக்கியமாக வந்தால்? அதை மாந்தர் என்பதா? அங்கே மட்டும் நான் பழைய பாத்திரத்தையே எடுத்துக்கொள்கிறேன். ‘பாத்திர வார்ப்பு’ என்று சிலர் எழுதும்போது மட்டும் கண்முன் வெண்கலப் பட்டறை வந்து நிற்கிறது. மாந்தர் படைப்பு என்றே எழுதலாம்.